ஈக்கோ வண்டிக்குள்ள ஒரு அடுப்பங்கரை: பாண்டியிலேர்ந்து வடலூர் வரைக்கும் நாலு நாள் டைரி

சனிக்கிழமை ராத்திரி, லாஸ்பேட்டை

நாளைக்கு காலைல கெளம்பறோம். எங்க மாருதி ஈக்கோ வேன்ல பின் சீட்டை மடக்கி பலகை போட்டு படுக்கை ரெடி பண்ணி மூணு மாசம் ஆச்சு, அதெல்லாம் நல்லா செட் ஆயிடுச்சு, சமையல் சாமான் விஷயம் மட்டும்தான் இன்னும் பிடிபடல. அடுத்த மாசம் தனுஷ்கோடி வரைக்கும் போறதா பிளான், அதுக்கு முன்னாடி வீட்டுக்கு பக்கத்துலயே நாலு நாள் சுத்தி எது வேணும் எது வேணாம்னு பார்த்துடலாம்னுதான் இந்த டிரிப். நான், இவரு, அத்தை, மூணு பேர். தினம் ராத்திரி அன்னன்னைக்கு நடந்ததை எழுதி போடறேன், வண்டில சமைக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு உதவும்.

ஹால்ல எல்லா சாமானையும் பரப்பி எண்ணினேன், 31 உருப்படி. இவரு எடுத்து வச்சது இண்டக்‌ஷன் ஸ்டவ், பியூட்டேன் கேன் போடற சின்ன ஸ்டவ், கைப்பிடி மடக்கற அலுமினிய செட், நான்ஸ்டிக் தவா. அத்தை எடுத்து வச்சது இருப்புச்சட்டி, தோசைக்கல், மூணு எவர்சில்வர் குண்டான், ஈயச்சொம்பு, அஞ்சறைப்பெட்டி, அருவாமனை, மீன் கொழம்புக்கு மண்சட்டி. நான் எடுத்தது மூணு லிட்டர் குக்கர், தெர்மல் குக்கர் (கொதிக்க வச்ச உள் பாத்திரத்தோட சூட்டை அப்படியே பிடிச்சு வைக்கற டப்பா), காப்பி ஃபில்டர். இது போக கரண்டி, டம்ளர், தட்டு.

முதல்ல வெளிய போனது இண்டக்‌ஷன்தான். இவருக்கு மனசே வரல, அதனால உக்காந்து கணக்கு போட்டோம். எங்ககிட்ட இருக்கறது 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி, அதுல மொத்தமே 1200 வாட்-ஹவர், அதுலயும் பாதிக்கு மேல இழுத்தா பேட்டரி ஆயுசு போயிடும், ஆக கையில இருக்கறது 600. இண்டக்‌ஷனை 1500 வாட்ல 20 நிமிஷம் வச்சாலே 500 ஆயிடும், இன்வெர்ட்டர்ல வீணாகறதை சேர்த்தா ஒரு வேளை சோத்தோட கரண்ட் காலி, அப்புறம் ராத்திரி ஃபேனுக்கு என்ன பண்றது. போதாததுக்கு 1500 வாட் இழுத்தா வயர்ல 125 ஆம்பியர் ஓடும், நாங்க போட்டிருக்கற வயர் அதுக்கு தாங்காது. லித்தியம் பேட்டரி, கூரை மேல சோலார்னு வச்சிருக்கறவங்களுக்கு இது வேற கணக்கு.

ஈயச்சொம்பும் வேணாம்னு சொன்னேன். ஈயச்சொம்புன்னு சொன்னாலும் அது வெள்ளீயம், 232 டிகிரில உருகிடும், உள்ள ரசம் இல்லாம நெருப்புல வச்சா அடி போயிடும், வண்டில அவசரத்துல சமைக்கறப்ப அதை நம்ப முடியாது. அத்தை ஒண்ணும் சொல்லல, எடுத்து பழையபடி அலமாரில வச்சுட்டாங்க. நான்ஸ்டிக்கும் வேணாம், குலுக்கல்ல பாத்திரத்தோட பாத்திரம் உரசி கோட்டிங் போயிடும்.

கேஸுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர், ஒத்தை பர்னர் ஸ்டவ். சிலிண்டர் வாங்கறப்ப மேல கைப்பிடி பக்கத்துல ஒரு எழுத்தும் வருஷமும் போட்டிருக்கும், அதை பாத்து வாங்குங்க. ஏ-ன்னா ஜனவரிலேர்ந்து மார்ச், பி-ன்னா ஏப்ரல்லேர்ந்து ஜூன், அப்படியே சி, டி, பக்கத்துல வருஷம், அந்த தேதிக்குள்ள சிலிண்டரை மறு டெஸ்ட்டுக்கு அனுப்பணும், தேதி தாண்டினதை வாங்காதீங்க. காலி சிலிண்டர் எடையும் அதுலயே போட்டிருக்கும். நான் லக்கேஜ் தூக்கற கைத்தராசுல மாட்டி எடை எடுத்து குறிச்சு வச்சிருக்கேன், திரும்பி வந்து எவ்வளவு செலவாச்சுன்னு சொல்றேன்.

31ல 24 வண்டி ஏறியாச்சு.

முதல் நாள், ஞாயிறு

காலைல பெரிய மார்க்கெட்ல காய், அப்புறம் எம்.ஜி. ரோடு சண்டே மார்க்கெட். வண்டிய தள்ளி நிறுத்திட்டு நடந்தே சுத்தினோம், அந்த கூட்டத்துல வேற வழி கெடையாது. தேடிப் போனது ஒரு இடுக்கி. அத்தைதான் சொன்னாங்க, "கைப்பிடி இருந்தா அடுக்க முடியாதும்மா, கைப்பிடி இல்லாத ஏனமா எடுத்துக்க, ஒரு நல்ல இடுக்கி இருந்தா போதும்"னு. யோசிச்சு பாத்தா கடைல விலை ஒசந்த கேம்பிங் செட்ல கழட்டி மாட்டற கைப்பிடின்னு விக்கறது இதேதான். நம்ம வீட்டு குண்டான் மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்து ஒரே ஒரு குண்டான் எடத்தைத்தான் அடைக்குது, மூடியா தட்டையே கவுத்துக்கலாம். நல்லா கெட்டியா கடிக்கற இடுக்கி ஒண்ணு கெடச்சுது. வாங்கறப்ப தண்ணி ரொப்பின பாத்திரத்தை கடைக்காரர்கிட்ட கேட்டு தூக்கிப் பாருங்க, வாய் வழுக்குதா இல்லையான்னு அப்பதான் தெரியும்.

மதியத்துக்கு மேல அரியாங்குப்பம் தாண்டி இடது பக்கம் திரும்பி அரிக்கமேடு போனோம். ஆத்தங்கரை, மாந்தோப்பு, இடிஞ்ச செங்கல் சுவரு, வேற பெருசா ஒண்ணும் நிக்கல. 1945ல தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டின எடம், ரோம் தேசத்தோட வியாபாரம் நடந்ததுக்கு அத்தாட்சி கெடச்சது இங்கதான். ரெண்டு காது வச்சு அடி கூர்மையா இருக்கற ஜாடி, ஆம்போரான்னு சொல்றாங்க, அதோட ஓடெல்லாம் இங்க கெடச்சு பாண்டி மியூசியத்துல வச்சிருக்காங்க, நான் ஸ்கூல் படிக்கறப்ப பாத்திருக்கேன். அதுல வைன், ஆலிவ் எண்ணெய், மீனை ஊற வச்சு எடுக்கற ஒரு சாறு எல்லாம் வந்திருக்கு. அடி ஏன் கூர்மையா இருக்குன்னு அப்ப புரியல. கப்பலோட அடித்தளத்துல ஒரு வரிசையை நிறுத்தி, அந்த வரிசை ஜாடிங்களோட தோள் நடுவுல இருக்கற சந்துல மேல் வரிசை ஜாடியோட கூர்முனையை சொருகிடுவாங்களாம், ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும், அலைல ஆடாது. தரைல தனியா நிக்க முடியாத ஜாடி, ஆனா கப்பல்ல அதுதான் கெட்டி. அங்க நின்னுக்கிட்டு இருந்தப்பதான் வண்டில நாம எல்லாத்தையும் தனித்தனியா நிக்க வச்சிருக்கமேன்னு மனசுல பட்டுச்சு.

பட்டு அரை மணி நேரம் கூட ஆகல, திரும்பி வர்ற வழில ஒரு ஸ்பீட் பிரேக்கர், பெயிண்ட் அடிக்காதது, இவரு பாக்கறதுக்குள்ள வண்டி ஏறி எறங்கிடுச்சு, பின்னாடி ஒரே சத்தம். அஞ்சறைப்பெட்டி சாஞ்சு உள்ள இருந்த கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சத்தூள், மொளகாத்தூள் எல்லாம் ஒண்ணா கலந்து கெடக்கு. மூடி கழண்டு வரல, ஆனா கிண்ணத்துக்கும் மூடிக்கும் நடுவுல விரல் கடை சந்து இருக்குல்ல, அது வழியா. அந்த பெட்டி அத்தையோட கல்யாணத்துக்கு அவங்க அம்மா குடுத்தது, எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அத்தை பொறுமையா கடுகையும் வெந்தயத்தையும் சல்லடைல பிரிச்சாங்க, பொடி ரெண்டும் போனது போனதுதான்.

ராத்திரி வீராம்பட்டினத்துல சின்ன மாமனார் வீட்டு வாசல்ல வண்டி. திருகு மூடி போட்ட சின்ன பாட்டில் ஆறு அவங்க வீட்லயே குடுத்தாங்க, மசாலா எல்லாம் அதுக்கு மாத்தியாச்சு. அஞ்சறைப்பெட்டி இனிமே துணில சுத்தி "திரும்ப வீட்டுக்கு" மூட்டைல. ஆமா, அப்படி ஒரு கோணிப்பை வச்சிருக்கோம், தேவைப்படாததெல்லாம் அதுக்குள்ள போகும்.

ரெண்டாம் நாள், திங்கள், கடலூர்

இன்னைக்கு நெறைய இருக்கு.

காலைல ரெட்டிச்சாவடி வழியா கடலூர், நேரா தேவனாம்பட்டினம் சில்வர் பீச். வண்டி நிறுத்தற எடத்துல பின் கதவை தூக்கி அடுப்பு பத்த வச்சா காத்து அடிச்சு தூக்குது. தீ ஒரு பக்கமா சாயுது, பால் பொங்க 20 நிமிஷம் ஆச்சு. இவரு பியூட்டேன் ஸ்டவ்வை எடுத்து வச்சு சுத்தி தகரம் வளைச்சு மறைப்பு கட்டப் போனாரு, நான் பதறிட்டேன். அந்த மாதிரி ஸ்டவ்ல கேன் பர்னருக்கு பக்கத்துலயே இருக்கு, முழுசா சுத்தி மறைச்சா சூடு கேன் மேல திரும்பும், வெடிக்கற அபாயம். அதே காரணத்துக்குத்தான் அது மேல பெரிய தோசைக்கல்லும் வைக்கக் கூடாது, கல்லு கேன் பக்கமா நீட்டிக்கிட்டு சூட்டை கீழ தள்ளும். கடைசில வண்டியையே திருப்பி மூக்கு கடலை பாக்கற மாதிரி நிறுத்தினோம், பின் கதவு பக்கம் காத்து அடங்கிடுச்சு, அவ்வளவுதான் விஷயம். தகரமும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

இன்னொண்ணு, அந்த பியூட்டேன் கேன் மூணையும் இவரு டிரைவர் சீட்டுக்கு பின்னாடி கீழ வச்சிருந்தாரு. தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. ஈக்கோல இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு, ஓட ஓட அந்த தரை கொதிக்கும். கேன் மேலயே போட்டிருக்கு 50 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு. வெயில்ல பூட்டி நிக்கற வண்டி சொல்லவே வேணாம். இந்த வெயில் ஊருக்கு அந்த ஸ்டவ் எனக்கு சரிப்படல, குளிர் ஊரு போறவங்களுக்கும் பியூட்டேன் பிரச்சனைதான், பூஜ்யம் டிகிரிகிட்ட போனா அது ஆவியாகவே ஆகாது. ஸ்டவ் மூட்டைக்குள்ள போச்சு, கேனை எல்லாம் கூடைல போட்டு நிழல் பக்கமா வச்சிருக்கேன்.

சிலிண்டர் பத்தியும் இங்கயே சொல்லிடறேன், இதுல மட்டும் அலட்சியம் வேணாம். எப்பவும் நிமிந்தே நிக்கணும், படுக்க வச்சா திரவமாவே ரெகுலேட்டருக்கு வந்துடும். வண்டி ஓடறப்ப ரெகுலேட்டரை கழட்டி மூடி போட்டுடணும். எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா மேல போகாம தரையோட தங்கும், ஜன்னல் தெறந்து வச்சா போகாது, கதவையே அடி வரைக்கும் தெறக்கணும். டியூப்ல சோப்புத் தண்ணி தடவி நுரை வருதான்னு ஒவ்வொரு தடவை மாட்டறப்பவும் பாக்கறேன். மழையே வந்தாலும் கதவை மூடிக்கிட்டு உள்ள சமைக்கறது கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கெடையாது.

சாயங்காலம் முதுநகர் துறைமுகம். மீன் வாங்கத்தான் போனோம், ஆனா எனக்கு அங்க ஒரு பெரிய பாடமே கெடச்சுது. ஒரு விசைப்படகுல ஆளுங்க சோறு வடிச்சுக்கிட்டு இருந்தாங்க. "அண்ணே, கடல்ல இவ்வளவு ஆட்டத்துல எப்படி சமைக்கிறீங்க, கொஞ்சம் காட்டறீங்களா"ன்னு கேட்டேன். "வா தங்கச்சி, பாரு"ன்னு கூப்ட்டு காட்டினாரு. அடுப்பு ஒரு இரும்பு தட்டுல உக்காந்திருக்கு, தட்டை சட்டத்தோட போல்ட் போட்டு முறுக்கியாச்சு. அடுப்பை சுத்தி நாலு பக்கமும் பாத்திரத்தோட இடுப்பு உயரத்துக்கு கம்பி, குண்டான் அந்த கம்பிக்குள்ள எறங்கி நிக்குது, எந்தப் பக்கம் சாஞ்சாலும் கம்பி தாங்கும். அகல சட்டியே கெடையாது, எல்லாமே ஒடுங்கி ஆழமா இருக்கற ஏனம், முக்காலுக்கு மேல எதையும் ரொப்ப மாட்டாங்களாம். மூடியை பழைய சைக்கிள் டியூப்பை வளையமா வெட்டி மாட்டி இழுத்து கட்டியிருக்காங்க. அரிசி, பருப்பு எல்லாம் திருகு மூடி டப்பால, டப்பா எல்லாம் மரப்பெட்டிக்குள்ள, பெட்டில சந்து இருந்தா அங்க வெங்காயம். "சந்து இருந்தாதானே ஆடும்"னாரு அந்த அண்ணன். அத்தை அவர்கிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க, கெளம்பறப்ப ரெண்டு டியூப் வளையம் கேட்டு வாங்கிட்டு வந்தாங்க.

நேத்து பாத்த ரோம் ஜாடியும் இன்னைக்கு பாத்த படகு அடுப்பும் ஒரே வேலையத்தான் செய்யுது, எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஆன்லைன்ல வெளிநாட்டு வேன் வீடியோவா பாத்து பாத்து டிராயர், லாக்குன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ண இருந்தோம்.

சங்கரா மீன், மண்சட்டில கொழம்பு. ருசி பிரமாதம். ஆனா சட்டி கனம், சூடு ஆற நேரம் ஆகுது, கழுவ தண்ணி நெறைய கேக்குது. நாங்க கொண்டு வந்தது 20 லிட்டர் கேன் ஒண்ணு, அதுல சட்டிக்கு மட்டும் மூணு லிட்டர் போச்சு. ராத்திரி முழுக்க வண்டில மீன் வாசம்.

மூணாம் நாள், செவ்வாய், பண்ருட்டி பக்கம்

சுருக்கமா எழுதறேன், தூக்கம் வருது.

காலைல கெளம்பறதுக்கு முன்னாடி தெர்மல் குக்கர். அரிசியை அரை மணி ஊற வச்சு, உள் பாத்திரத்துல நல்லா தளதளன்னு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, மூடி வெளி டப்பால எறக்கி இறுக்கிட்டு வண்டிய எடுத்தாச்சு. நெல்லிக்குப்பம் தாண்டி பண்ருட்டி வந்து தோப்புக்கு போறதுக்குள்ள சோறு வெந்து பதமா இருக்கு, வடிச்சா போதும். பச்சரிசிக்கு முக்கா மணி நேரம் தாராளம், புழுங்கலுக்கு கொஞ்சம் கூட வேணும். வண்டிக்காரங்களுக்கு இதை விட நல்ல ஏனம் கெடையாதுன்னு நான் அடிச்சு சொல்வேன், கேஸ் பத்தே நிமிஷம், மீதிய ரோடு பாத்துக்குது. ஒண்ணே ஒண்ணு, காலைல வச்சதை சாயங்காலம் வரைக்கும் உள்ளயே விடாதீங்க, சூடு எறங்கின சோறு கெட்டுடும்.

குக்கர் பருப்புக்கு, கொண்டைக்கடலைக்கு. பிரஷர்ல உள்ள 120 டிகிரி வரைக்கும் போறதால சீக்கிரம் வேகுது, அதனால அதுவும் இருக்கட்டும். கேஸ்கெட் மட்டும் ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சுக்குங்க, நடு ரோட்ல அந்த சைஸ் கெடைக்காது. வண்டி ஓடறப்ப குக்கருக்குள்ள டம்ளரையும் பருப்பு டப்பாவையும் துணி சுத்தி அடைச்சுட்டேன், சந்தே கெடையாது. பாத்திரத்துக்கு நடுவுலயெல்லாம் இவரோட பழைய வேட்டிய கிழிச்சு வச்சேன், ரெண்டு நாளா கேட்ட அந்த கடகட சத்தம் இன்னைக்கு இல்ல, அதே வேட்டி துண்டுதான் தொடைக்கவும் ஆகுது.

கனமானதெல்லாம் கீழ, பின் சக்கரத்துக்கு நேரா. தண்ணி கேன், சிலிண்டர், குக்கர். லேசானது மேல.

இருப்புச்சட்டிதான் சண்டை. கடல் காத்துல ஒரே ராத்திரில செவப்பா துரு பூத்துடுச்சு, தோசைக்கல்லும் அப்படியே. விட்டுடலாம்னேன். அத்தை, "துரு வருதுன்னு இரும்பை விடுவாங்களா, எண்ணெய் தடவி பேப்பர்ல சுத்தாதது நம்ம தப்பு"ன்னாங்க. அவங்க சொன்னது சரிதான். உப்பு போட்டு தேய்ச்சு, நல்லா காய வச்சு, நல்லெண்ணெய் தடவி, நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சாச்சு. ஆனா ரெண்டு இரும்பு கனம் வேணாம், இருப்புச்சட்டி ஒண்ணு போதும், வதக்க, தாளிக்க, அதுலயே ஆப்பம் மாதிரி ஊத்தி தோசையும் ஆகும். தோசைக்கல் மூட்டைக்கு. அத்தை அதுக்கு ஒத்துக்கிட்டாங்க.

சாயங்காலம் முந்திரித் தோப்புல உக்காந்து அத்தை கயிறு முறுக்கினாங்க. என்னன்னு கேட்டா உறி. வண்டி கூரை கம்பில தொங்க விட்டு அதுல தயிர் தூக்கை வச்சாங்க. நான் நம்பவே இல்ல, ஆடி ஊத்திடும்னு நெனச்சேன். தோப்பு மண் ரோட்ல இவரு ரெண்டு ரவுண்டு ஓட்டிக் காட்டினாரு, வண்டி ஆடுது, உறியும் சேர்ந்து ஆடுது, தூக்குல தயிர் மட்டும் அலுங்கல. தலைல இடிக்காத உயரத்துல, கண்ணாடில படாத தூரத்துல கட்டணும், அவ்வளவுதான்.

வாழை இலைல சாப்ட்டோம், தட்டு கழுவற வேலையே இல்ல, தண்ணி இன்னைக்கு பூரா அஞ்சு லிட்டர்தான் ஆச்சு.

நாலாம் நாள், புதன், வடலூர்

காலைல முதல் வேலையா அத்தை மண்சட்டிய கையில எடுத்துக்கிட்டு எறங்கிட்டாங்க. "வள்ளலார் கோயிலுக்கு போறோம், கவிச்சி சட்டியோட உள்ள போகக் கூடாதும்மா." வண்டில சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனி ஏனம் வைக்க எடம் எங்க இருக்கு. தோப்புக்காரங்க வீட்லயே சட்டிய குடுத்துட்டோம், அவங்களுக்கும் சந்தோஷம். இனிமே மீன்னா எவர்சில்வர் குண்டான்தான், சமைச்ச உடனே எலுமிச்சை தோலும் சாம்பலும் போட்டு தேய்ச்சா வாசம் நிக்காது.

வடலூர்ல நாங்க சமைக்கல. தருமச்சாலைல சாப்ட்டோம். 1867ஆம் வருஷம் மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டின அடுப்பு, அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அணையவே இல்ல, வர்றவங்களுக்கெல்லாம் சாப்பாடு. கும்பகோணம் போறப்பெல்லாம் இந்த ஊரை தாண்டிப் போயிருக்கேன், எறங்கினது இதான் முதல் தடவை. நாலு நாளா அடுப்பு, தீ, காத்து, கேஸ்னே பேசிக்கிட்டு இருந்துட்டு அந்த விறகடுப்பு முன்னாடி நிக்கறப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அத்தை பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவங்ககிட்ட ஊர் பேர் கேட்டுக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தர் நடந்தே வந்தவராம், கையில ஒரு தூக்கும் ஒரு டம்ளரும் மட்டும்தான். நான் அவரோட தூக்கையே பாத்துக்கிட்டு இருந்தேன், மூடிய கவுத்தா தட்டு, கைப்பிடி மடங்கி தோளோட ஒட்டிக்குது, ஒரு ஆளுக்கு அதுவே போதுமா இருக்கு.

குறிஞ்சிப்பாடி, கடலூர் வழியா சாயங்காலம் வீடு வந்தாச்சு. சிலிண்டரை மாட்டி எடை பாத்தேன், நாலு நாளைக்கு 850 கிராம்தான் கொறஞ்சிருக்கு, இன்னைக்கு மதியம் சமைக்கலங்கறதையும் சேர்த்துக்குங்க. தினம் மூணு வேளை சமைச்சாலும் ஒரு சிலிண்டர்ல தனுஷ்கோடி போய் வந்துடலாம்னு தைரியம் வந்துடுச்சு.

மூட்டைய பிரிச்சா உள்ள எட்டு சாமான். அலுமினிய செட்டை ஒரு தடவை கூட வெளிய எடுக்கல, புளி போட்ட கொழம்புக்கு அது ஆகாது, பால் காய்ச்சினா அடி பிடிக்குது. அருவாமனைய முதல் நாளே மூட்டைல போட்டுட்டேன், திடீர்னு பிரேக் போட்டா அது எங்க பாயும்னு யாருக்கும் தெரியாது, உறை போட்ட சின்ன கத்தி ஒண்ணு போதும். வண்டிலயே தங்கினது: தெர்மல் குக்கர், குக்கர், மூணு குண்டான் அடுக்கு, இருப்புச்சட்டி, இடுக்கி, தூக்கு, ஃபில்டர், கத்தி, ரெண்டு கரண்டி, டம்ளர் மூணு. அப்புறம் உறி.

அடுப்பை சுத்தி கம்பி மட்டும் இன்னும் இல்ல. பெரிய குண்டானோட இடுப்பை நூல் வச்சு அளந்துட்டேன், சுத்தளவு 66 சென்டிமீட்டர் வருது, அப்ப குறுக்களவு 21 சொச்சம், ரெண்டு பக்கமும் விரல் கடை விட்டு 24க்கு 24 சதுரமா கம்பி வளைச்சு தட்டோட வெல்டு வைக்கணும். தட்டு ரெடியா இருக்கு. காலைல பத்து மணிக்கு வெல்டிங் கடை தெறக்கும், அத்தையும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, குண்டானை கையோட எடுத்துட்டுப் போறோம்.